எர்த் அடிக்காது

செடி இல்லாத இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டின் பின்சுவர் ஓரமாக, தரையோடு தரையாக ஒரு சிமெண்டு மூடி. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு, உள்ளே தலைநீட்டும் குழாயின் வாயில் சொம்பை மெல்லச் சாய்க்கிறார். காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற நிதானம். தண்ணீர் இறங்கும் சத்தம் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருக்கிறார். மண் குடித்து முடித்ததா என்று காது கொடுத்துக் கேட்கிறாரோ என்னவோ. என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவருடைய வழுக்கையும் சொம்பும் மட்டும்தான் தெரியும். காலை வெயிலில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் ஒருமுறையாவது கேட்டுவிடுவார்கள்.

"என்ன செடி சார் வெச்சிருக்கீங்க?"

"எர்த்."

"அது எப்ப சார் பூக்கும்?"

"பூக்காது. மண்ணு ஈரமா இருக்கணும், அவ்வளவுதான். காஞ்சு போச்சுன்னா கரண்டை வாங்கிக்காது."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, அடியில் ஆளுயரச் செம்புக் கம்பி ஒன்றை அவர் புதைத்து வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்யப் போகிறார்கள், இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தலையாட்டுவார்கள்.

தெருவில் அவருக்குப் பெயர் பல்லுக்காரர். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுக்கிறவர். கடைத்தெருவில் மருந்துக்கடைக்கு மேலே, ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாத படிக்கட்டின் உச்சியில் அவருடைய பட்டறை. மேஜை நிறைய ஊர்ப்பட்ட வாய்கள் திறந்து கிடக்கும். சில வெள்ளைச் சாந்தில் வார்த்தவை, சில ரோஸ் மெழுகில் ஈறு கட்டியவை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சாலையில் யாராவது வாய்விட்டுச் சிரித்தபடி போனால் சைக்கிளை நிறுத்திவிடுவார். "நம்ம வேலைதான்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார்.

"பல்லை ரொம்ப வரிசையா வெச்சுட்டா பொய்ப்பல்லுன்னு காட்டிக் கொடுத்துடும். ஏதோ ஒரு பல்லை ஒரு நூல் திருப்பி வைக்கணும். அப்பதான் அது கூடவே பொறந்த பல்லு மாதிரி இருக்கும்" என்பார். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது, வாயைப் பார்த்துத்தான் பேசுவார். முதல் நாள் எனக்கு அது பெரிய சங்கடமாகிவிட்டது. கடைவாய்ச் சொத்தையை மறைக்கிற அவசரத்தில், சண்டை போடப் போன நான் பாதி வார்த்தைகளை முழுங்கிவிட்டேன்.

சண்டைக்குக் காரணம் ஒரு வாத்து. நான் வீட்டிலிருந்தே அச்சுப்பிழை திருத்துகிறவன். பிழை திருத்துகிறவனுக்கு வேண்டியது அமைதி. அதோடு, கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் சன்னமாக ஏதாவது வாத்திய இசை. இந்த வீட்டுக்கு வந்த புதிதில், பொழுது சாயும் நேரமானால் அந்த இசைக்கு நடுவே ஒரு வாத்து பேசத் தொடங்கும். வார்த்தை புரியாது. ஆனால் அது மனிதர் பேச்சுதான் என்பது ஏற்ற இறக்கத்தில் தெரிந்துவிடும். வாத்து கொஞ்சம் பேசும், நிறுத்தும், யாரோ பதில் சொல்வதைக் கேட்பது போல இடைவெளி விடும், மறுபடி பேசும். சில நாள் சிரிக்கவும் செய்யும். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மாடியில் நின்று நோட்டம் விட்டேன். பல்லுக்காரர் வீட்டு மொட்டைமாடியிலிருந்து பின்பக்கத்து மரம் வரை ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற உயரத்தில் இல்லை அது.

போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்படியா? என்னை வாத்தாவா கேக்குது?" என்று சந்தோஷப்பட்டார். உடனே என்னோடு வந்து, என் ஸ்பீக்கர் கம்பிகளில் கறுப்பாக இரண்டு வளையங்களை மாட்டிவிட்டார். வாத்து குரல் தணிந்து, தூரத்துக் குளத்துக்குப் போய்விட்டது. பிறகு அவர் வீட்டில் டீ. அன்றிலிருந்து அவரை நான் 'சார்' என்றும் அவர் மனைவியை 'அக்கா' என்றும் கூப்பிடுகிறேன்.

அவர் அமெச்சூர் ரேடியோக்காரர். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு ஒலிபரப்புப் பெட்டி வைத்துக்கொண்டு, தன்னைப் போலவே பெட்டி வைத்திருக்கும் முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறவர். கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன், எல்லோரையும் போல.

"போன்ல யார்கிட்ட பேசப்போறோம்னு முன்னாடியே தெரிஞ்சிடுது. இதுல தெரியாது. பொழுது சாயுற நேரத்துல வானத்துல ஒரு படலம் கண்ணாடி மாதிரி ஆயிடும். நம்ம பேச்சு அதுல பட்டு எங்கேயோ போய் இறங்கும். எங்கேன்னு நமக்குத் தெரியாது. யாராவது இருக்கீங்களான்னு கேட்டுட்டுக் காத்திருக்கணும்" என்றார்.

சொல்லும்போது முதல் தடவையாக அவர் பார்வை என் வாயை விட்டு விலகி ஜன்னலுக்குப் போயிற்று. வெளியே வானம் ஈறு நிறத்தில் இருந்தது. அவரோடு பழகிப் பழகி எனக்கும் இப்படித்தான் தோன்றுகிறது.

பெட்டி இருப்பது கீழ்த்தளத்துச் சாமான் அறை. முன்பு மாடியில்தான் இருந்ததாம். மாடியில் இருந்தால் பூமிக்கு இறங்கும் கம்பி நீளமாகிவிடும். நீளமானால் அதுவே ஒரு ஆன்டெனாவாகி வேண்டாத வேலை பார்க்கும் என்று கீழே கொண்டுவந்துவிட்டார். மேஜைக்குப் பின்னால் சுவரில் செம்புப் பட்டை ஒன்று. ஒவ்வொரு பெட்டியின் முதுகிலிருந்தும் தடித்த பச்சைக் கம்பி ஒன்று கிளம்பி அந்தப் பட்டைக்கு வந்து சேரும். பட்டையிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே, நேராகக் குழிக்கு. அதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு பூரிப்பு.

"மாலை மாதிரி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குக் கோத்துட்டுப் போகக் கூடாது. தனித்தனியா வந்து ஒரே எடத்துல சேரணும். அப்புறம், வீட்டு எர்த் ஒரு பக்கம், ரேடியோ எர்த் ஒரு பக்கம்னு விட்டு வெக்கவும் கூடாது. ரெண்டையும் கட்டிடணும். இல்லேன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு வித்தியாசம் வந்து நிக்கும். தெரியாம கை வெக்கிறவன் மாட்டிக்குவான். நம்ம வீட்டுல அது ஒண்ணுதான் இன்னும் பாக்கி."

அவர் விளக்க ஆரம்பித்தால் இப்படி நீண்டுகொண்டே போகும். எனக்குக் கேட்கப் பிடிக்கும், வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க அது ஒரு நல்ல சாக்கு. அக்காவுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அக்காவுக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நாறுகிறவர்கள், சும்மா யாரையாவது திட்ட வேண்டியவர்கள் எல்லோரும் அவர் காதில்தான் வந்து இறங்குவார்கள். நாள் முழுவதும் "சொல்லுங்க, என்ன புகார்?" என்று கேட்டுவிட்டு வருகிறவர் வீட்டுக்குள் நுழைந்ததும் காதைக் கழற்றி வைத்துவிடுவார். ஆனால் ஒன்று, ஒருமுறை கேட்ட குரலை மறக்க மாட்டார். கடைவீதியில் காய் வாங்கும்போது பின்னாலிருந்து வரும் குரலை வைத்தே, "நீங்க அந்தக் குழாய் உடைஞ்ச தெருதானே?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டு ஆளைத் திடுக்கிட வைப்பார்.

இந்த அக்காவுக்கும் பல்லுக்காரரின் அண்ணனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் மலைமேல் ஒரு எஸ்டேட் ஆபீசில் இருக்கிறவர், அவரும் ரேடியோக்காரர். தம்பிக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரே அவர்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு விருந்தில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "உன் வீட்டுக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம்டா" என்று அண்ணன் விளையாட்டாகச் சொன்னார். "உங்களுக்குக் காது நீளம் மாமா. அடுத்தவங்க பேசுறதை எல்லாம் பெட்டி வெச்சுக் கேக்குறீங்க" என்றார் அக்கா. அதுவும் விளையாட்டுதான். யார் விளையாட்டு முதலில் சூடு பிடித்தது என்று இன்றுவரை தெளிவாகவில்லை. அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டுப் போனார். போனும் நின்றது. அக்கா முன்னால் அவர் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது.

இதை எனக்குச் சொன்ன அன்று பல்லுக்காரர் இன்னொன்றும் சொன்னார். சொல்வதற்கு முன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல, யாராவது இருக்கீங்களா என்று வானத்தைக் கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல், ரேடியோக்காரர்கள் பெயருக்குப் பதிலாகச் சொல்லும் தன் அழைப்புக்குறியைச் சொன்னது. அண்ணன். தம்பி மைக்கை எடுத்தார். என்ன சொல்வது? ஒன்றும் தோன்றாமல், ரேடியோக்காரர்கள் புதியவர்களிடம் என்ன சொல்வார்களோ அதையே சொன்னார். "வணக்கம் நண்பரே. உங்க சிக்னல் தெளிவா இருக்கு. ஓவர்." கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அந்தப் பக்கத்திலிருந்தும், "நன்றி நண்பரே. உங்க சிக்னலும் தெளிவா இருக்கு. இங்க மழை. ஓவர்."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், அக்கா வேலையிலிருந்து திரும்புவதற்கு முன்னால், அண்ணனும் தம்பியும் நண்பர்களாகப் பேசிக்கொள்கிறார்கள். சிக்னல் எப்படி, மழை எப்படி, கம்பி எவ்வளவு உயரம், எர்த் குழி காய்ந்துவிட்டதா. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் 'நீங்க, வாங்க' என்று பேசிக்கொள்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. "போன் பண்ணிப் பேசிடலாமே சார்" என்றேன். "போன்ல அண்ணன் தம்பியா பேசணுமே. அதுக்கு ரெண்டு பேருக்கும் வாய் வராது. இது போதும். இது போயிடாம இருந்தா போதும்" என்றார்.

அது போய்விடும் போலிருந்தது என்பதுதான் அவருடைய பயம். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு அக்கா பெட்டியைத் துடைக்கப் போய், தகரத்தில் கை பட்டதும் சுள்ளென்று இழுத்திருக்கிறது. "என்னங்க, உங்க பெட்டியில எர்த் அடிக்குது!" என்று கத்திவிட்டு, கையை உதறிக்கொண்டே தீர்ப்பும் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இந்த வீட்ல யாருக்காவது அடிச்சுது, பெட்டியை எடுத்து வெளிய வெச்சிடுவேன். சொல்லிட்டேன்."

அக்கா சொன்னால் செய்வார். பல்லுக்காரர் ஆராய்ந்து பார்த்தார். சுவரில் பிளக் சொருகும் இடத்தில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது; ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. வீடு கட்டும்போது ஒயரிங் செய்தவர் அழகுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்போது தோண்டியதுதான் பின்சுவர்க் குழி. கரி, உப்பு, செம்புப் பட்டை, பச்சைக் கம்பிகள் எல்லாம் வந்தது அதற்குப் பிறகுதான். காலையில் சொம்புத் தண்ணீரோடு குனிந்து நிற்பவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர் அங்கே நனைய வைத்துக்கொண்டிருந்தது அண்ணனோடு இருந்த மிச்சப் பேச்சை.

அதோடு அவருக்கு 'எர்த் அடிக்குது' என்ற சொல்லின் மேல் ஒரு வன்மம் பிறந்துவிட்டது. யார் சொன்னாலும் விடமாட்டார். சலூனில் முடிவெட்டுகிறவர் மெஷினைத் தொட்டுவிட்டு அப்படிச் சொல்ல, பாதி வெட்டிய தலையோடு எழுந்து நின்று பாடம் நடத்தியிருக்கிறார். "எர்த் அடிக்காதுங்க. எர்த் இல்லாததுதான் அடிக்கும். காப்பாத்துறவன் பேரைப் போய் அடிக்கிறவனுக்கு வெச்சிருக்கோமே, நியாயமா?" முடிவெட்டுகிறவர், "உக்காருங்க சார், காது போயிடும்" என்றாராம்.

பிழை திருத்துகிறவன் என்ற முறையில் என்னிடமும் முறையிட்டார். புத்தகத்தில் அப்படி வந்தால் அடித்துவிடுங்கள் என்றார். ஊர் வாயில் இருப்பதைப் பென்சிலால் அடிக்க முடியாது என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை.

நடந்தது ஒரு மாலையில். பொழுது மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. என் ஸ்பீக்கரின் அடியாழத்தில் வாத்து பேசத் தொடங்கியது. நான் அதைக் கேட்டும் கேட்காமலும் ஒரு நாவலின் ஒற்றுப்பிழைகளில் மிதந்துகொண்டிருந்தேன். வழக்கத்தைவிட அன்று வாத்து கிட்டத்தில் இருப்பது போலத் தோன்றியது. திடீரென்று அது அலறியது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

செருப்புப் போடாமல் ஓடினேன். சாமான் அறையில் பல்லுக்காரர் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். மைக் மேஜையிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. உதட்டில் பயறளவுக்கு வெள்ளையாக ஒரு சூடு. பெட்டிக்குள்ளிருந்து, இரைச்சலைக் கிழித்துக்கொண்டு, ஒரு பெரியவரின் குரல் வந்தது.

"டேய்! டேய் குட்டி! என்னடா ஆச்சு? பேசுடா... டேய், பேசுடா!"

நண்பரும் இல்லை, நீங்களும் இல்லை. பல்லுக்காரரின் கண் நிறைந்துவிட்டது. மைக்கை எடுக்கக் கை நீட்டினார். அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிறீச்சிட்டது. அக்கா வந்துவிட்டார். பல்லுக்காரர் பதறிப்போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். குரல் பாதியில் அறுந்தது. அறை முழுவதும் சாயங்காலம் மட்டும் மிச்சமிருந்தது.

அக்கா உள்ளே வந்து உதட்டைப் பார்த்தார். "என்ன இது?" என்று கேட்பதற்குள் கூடத்தில் போன் அடித்தது. பழக்கம் யாரை விட்டது? எடுத்து, "சொல்லுங்க, என்ன..." என்றவர் பாதியிலேயே நின்றுவிட்டார். நான் கதவருகே நின்றிருந்தேன். அக்காவின் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. கொஞ்சம் பொறுத்து, "உதடு வீங்கியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"யாரும்மா?" என்றார் உள்ளிருந்து பல்லுக்காரர்.

"ராங் நம்பர்."

அதற்கப்புறம்தான் பஞ்சாயத்து. பெட்டிகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தார் பல்லுக்காரர். பச்சைக் கம்பி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் மொட்டையாக நறுக்கப்பட்டிருந்தது. மொட்டைமாடிக் கம்பி வழியாக வானத்துக்குப் போக வேண்டிய மின்சாரம், கீழே மண்ணில் பிடிமானம் இல்லாமல், மைக் கம்பி வழியாகத் திரும்பி வந்து உதட்டில் இறங்கிவிட்டது.

"இதை யாரு வெட்டினது?"

"நான்தான்" என்றார் அக்கா. கொஞ்சம்கூட மறைக்கவில்லை. சமையலறைக்குப் போய், அலமாரியிலிருந்து கம்பிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அழகாகச் சுருட்டி நூலால் கட்டியிருந்தது. "காலையில வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி வெட்டினேன். உங்க கட்டிங் பிளேயர்லதான்."

"ஏன்ம்மா?"

"பின்ன? எர்த் அடிக்குது, அடிக்குதுன்னு சொல்லிட்டே இருக்கேன். நீங்க என்னடான்னா அடிக்கிறதையே கொண்டாந்து பெட்டிக்கு ஒண்ணுன்னு கட்டி வெச்சிருக்கீங்க. அதுக்குத் தெனமும் தண்ணி வேற. நான் இல்லாத நேரத்துல தனியா உக்காந்திருக்கிற மனுஷன், ஏதாவது ஆச்சுன்னா யாரு பாக்குறது?"

"எர்த் அடிக்காதும்மா! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அது காப்பாத்துறது!"

"அப்படியா? போன வாரம் ஃப்ரிட்ஜ்ல கை வெச்சிட்டு நீங்க என்ன சொன்னீங்க?"

பல்லுக்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

"நீங்களே சொன்னீங்க. 'ஸ்ஸ், எர்த் அடிக்குது'ன்னு. நான் அடுப்படியில நின்னுட்டுக் கேட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவரின் வாய்க்கே, சுள்ளென்று பட்ட நேரத்தில் வந்தது அந்தச் சொல்தான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு வலித்ததால் பாதிச் சிரிப்போடு நிறுத்தி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் அடுத்த நாள் காலை சொம்பு வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. என்னவென்று போய்ப் பார்த்தேன். பெட்டிகளின் திருகாணிகளைக் கழற்றி, துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை அடிச்சா வெளியேன்னு சொல்லியிருக்கால்ல. அடிச்சிடுச்சே" என்றார். வாதாட அவருக்குத் தெம்பில்லை. 'டேய்' என்று கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் அணைத்துவிட்டு வந்ததுதான் அவரை உள்ளே போட்டு அரித்தது. அந்தப் பக்கம் என்ன நினைத்திருப்பாரோ என்று என்னிடம் கேட்டார். ராங் நம்பர் யார் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. அக்காவின் சமாச்சாரம், நாம் யார் நடுவில் என்று விழுங்கிவிட்டேன்.

கிளம்பும்போது அக்கா கேட் வரை வந்தார்.

"அவரு யார்கிட்ட பேசுறாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு" என்றார். "ஒரு நாள் சீக்கிரமா வந்துட்டேன். வெளிய செருப்பு கழட்டும்போதே காதுல விழுந்துச்சு. 'வாங்க, சொல்லுங்க, ரொம்ப நன்றிங்க'. வெளியாள்கிட்ட யாரு தம்பி அவ்வளவு மரியாதையாப் பேசுவாங்க? வீட்டு மனுஷங்ககிட்ட கோச்சுக்கிட்டாதான் அப்படிப் பேச வரும்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பேசட்டுமேன்னுதான் தெனமும் அந்தப் பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ல வர்றேன்" என்றார். கொஞ்ச நேரம் கேட்டின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அன்னைக்குப் போன்ல அழுதாரு தம்பி. என்னைத் திட்டின வாய்தான். 'அவன் இருக்கானாம்மா'ன்னு கேட்டாரு. எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு."

வீட்டுக்குள் திரும்பியவர் பல்லுக்காரரிடம் சொன்னது என் ஜன்னல் வரை கேட்டது. "நான் வெட்டினதால அடிச்சது கணக்குல சேராது. எல்லாத்தையும் எடுத்து மறுபடி மாட்டுங்க. வீட்டு எர்த்தையும் சேர்த்துக் கட்டுங்க, அந்த ஃப்ரிட்ஜும் சரியாகட்டும்."

மறு ஞாயிறு கட்டி முடித்தார். பட்டையிலிருந்து புதிய பச்சைக் கம்பிகள். வீட்டு மீட்டர்ப் பலகையிலிருந்து ஒரு தடித்த கம்பி சுவரோரமாக வந்து குழியோடு சேர்ந்தது. பிளக்குகளின் மூன்றாவது ஓட்டைகளுக்குப் பின்னாலும் இப்போது கம்பி இருந்தது. சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார்கள். "ஏதாவது ஆச்சுன்னா மெயினை அணைக்க ஒரு ஆள் வேணும். நீங்க அங்கேயே நில்லுங்க தம்பி" என்றார் அக்கா. சுவிட்சில் விரலை வைத்தபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொறுப்போடு நின்றேன். அக்கா சமையலறையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்து, கணவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்திருக்கலாம்.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் ஒவ்வொரு இலையாக விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் இரைச்சல் மட்டும், எங்கேயோ விடாமல் பெய்கிற மழை போல. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. மூன்று பேருமே தூங்கிவிட்டு ஒரே கனவைக் கண்டுகொண்டிருப்பது போல இருந்தது. பிறகு அந்த மழைக்குள்ளிருந்து அழைப்புக்குறி வந்தது. பல்லுக்காரர் பதில் சொன்னார். உதட்டிலிருந்து மைக்கைச் சற்றுத் தள்ளியே பிடித்திருந்தார்.

"வணக்கம் நண்பரே" என்றது குரல். மறுபடி நண்பர், மறுபடி மரியாதை. "உங்க சிக்னல் முன்னைவிட நல்லா இருக்கு." அங்கே ஒரு தயக்கம். "மைக்... மைக் இப்ப எப்படி இருக்கு? கடிக்குதா? ஓவர்."

பல்லுக்காரர் பொத்தானை அழுத்தினார். பேச வாய் திறந்தவர், பக்கத்தில் அசைவு தெரிந்து திரும்பினார். அக்கா முக்காலியிலிருந்து குனிந்து, மைக்கைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

"இப்ப கடிக்கல" என்றார்.

விரலை எடுக்கவில்லை. அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் வரை எதிர்ப்பக்கம் என்ன சொன்னாலும் நமக்குக் கேட்காது. அறையில் இரைச்சல்கூட இல்லை. மலைமேல் ஒருவர் எங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமானால் அப்படியே வைத்திருக்கலாம், கடைசி வார்த்தை அக்காவுடையதாகவே இருந்துவிட்டுப் போகும்.

"மாமா" என்றார் அக்கா, கொஞ்சம் குரல் கம்மி.

பிறகு விரலை எடுத்தார்.